புஷ்பலீலாவுக்கு, லீவு எழுதிக் கொடுக்குமுன்

போகலாமா என்று கேட்டாய், புஷ்பலீலா,
சம்பளத் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.
மதியச் சோற்று நேரத்துக்குள்
சொல்லி முடிகிற பதில் இல்லை.
அதனால் எழுதுகிறேன்.

முதலில் வெயில்.
பதுளையில் நாம் வெயில் என்பது
அதன் சின்னத் தங்கச்சி.
பண்ணைப் பாலத்தில் அது நேரே வந்து
பெயர், ஊர், என்ன வேலை என்று விசாரிக்கும்.
குடையை மறக்காதே.

தேநீர் இன்னொரு துக்கம்.
நம் பக்கத்தில் கிள்ளி, நிறுத்து, லொறி ஏற்றிய தூள்
அங்கே உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்கிறது.
லோகேஸ்வரன் ஒரு மிடறு குடித்துவிட்டு
தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்ப்பதுபோல
கோப்பையைப் பார்த்தார்.

ஆனால் நண்டுக் குழம்பு.
ஆனால் ஒடியல் கூழ், பிலா இலை கோலிக் குடித்தது,
மூக்கில் வழிந்த காரம்.
ஆனால் கோட்டை மதிலில் மாலை ஆறு மணி.
கல் என்று தொட்டால் பவளப்பாறை;
உள்ளே சங்கின் சுருள், சிப்பியின் வரி.
கடலை வெட்டி அடுக்கி
கடலுக்கு எதிராகவே நிறுத்தியிருக்கிறார்கள்.
டிலானி காதை வைத்துக் கேட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.
சொன்ன பிறகும் காதை எடுக்கவில்லை.
அந்த அரை மணிக்காகப் பஸ்ஸில் பத்து மணித்தியாலம்
இன்னொரு முறையும் இருப்பேன்.

ஓட்டோக்காரர் யேசுரட்ணம்
வருடங்களைச் சில்லறைபோல வைத்திருக்கிறார்.
ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பது, பறங்கி.
ஐம்பத்தெட்டு, ஒல்லாந்தன்.
திருப்பத்துக்குத் திருப்பம் ஒன்றை எடுத்துத் தருவார்.
பிறகு வெள்ளைக்காரன், என்பார்.
பிறகு
கியர் மாற்றுவார்.

மூன்றாம் நாள், கீரிமலை தாண்டி, சேந்தாங்குளம் பக்கம்,
கூரையில்லாத ஒரு வீடு.
யன்னல் இருந்த இடத்தில் ஆலங்கன்று.
வாசல் மேலே சிலுவையைச் சுற்றிச் சீமெந்துப் பூ,
இன்னும் கொஞ்சம் நீலம்.
நிறுத்தச் சொன்னேன்.
டிலானி படியேறி இடுப்பில் கைவைத்து நின்றாள்.
போனைத் தூக்கிக்கொண்டே கேட்டேன்:
“இது எந்த நூற்றாண்டு அண்ணன்?”

“தொண்ணூறாம் ஆண்டு மட்டும்
எங்கட பெரியப்பா வீடு” என்றார்.
“படியில நிண்டே எடுங்கோ, பறவாயில்லை.
நல்லாத்தான் வரும்.”

நல்லாத்தான் வந்திருக்கிறது.
அழிக்கவும் முடியவில்லை,
யாருக்கும் அனுப்பவும் முடியவில்லை.

பழைய ஊருக்கு ஓய்வெடுக்கப் போனால்
இதுதான் தொந்தரவு, புஷ்பலீலா.
எங்கே டிக்கெட் வாங்க வேண்டும்,
எங்கே கதவைத் தட்ட வேண்டும் என்று
பலகை வைக்கவில்லை.
சில இடங்களில் தட்டக் கதவும் இல்லை.

அன்றிரவு மின்விசிறிக்குக் கீழே நம் லயம் நினைவுக்கு வந்தது.
அதற்கும் நூற்றிருபது வயது;
அந்தத் தகரத்துக்கு யாரும் டிக்கெட் கிழித்ததில்லை.
ஆனால் மலை வளைவில் வேனை நிறுத்தி
கொழுந்துக் கூடையோடு என் அம்மாவை
எத்தனை பேர் எடுத்துக்கொண்டு போனார்கள்!
ஒவ்வொரு முறையும்
அவள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

கிளம்பும் நாள் பஸ் நிலையத்தில்
யேசுரட்ணம் இரண்டு கறுத்தக்கொழும்பான் தந்தார்.
காம்பில் பால் காயவில்லை.
நீங்கள் லீவு கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன்.

“நுவரெலியா” என்றார், யோசிக்காமலே.
“குளிர். பூ. பழைய வெள்ளைக்காரன் வீடுகள்.
பச்சைப் பசேலெண்டு தேயிலை.
அங்க நிண்டா மனிசருக்கு
ஒரு கவலையும் வராது, என்ன தங்கச்சி?”

ஓம் அண்ணன், என்றேன்.
மாற்றுவதற்கு
என் கையில் கியர் இல்லை.